கேளுங்கள், சொல்கிறேன்: ஃப்ரட்டர்னிட்டியில் பிள்ளையைச் சேர விடலாமா?

அம்மா, வணக்கம். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். மூத்தவன் அமெரிக்காவில் இன்ஜினீயரிங் முதல் வருஷம். "ரஷ் நடக்குதுப்பா, பிட் வந்தா ஃப்ரட்டர்னிட்டில சேந்துடுவேன்" என்கிறான். படிப்புக்கே பேங்கில் கடன் வாங்கியிருக்கிறேன். அது ராகிங் கும்பல் என்று என் மச்சான் பயமுறுத்துகிறார். விடலாமா, கூடாதா?
– ஒரு தகப்பன், சேலம்

உங்கள் மச்சான் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது ஐயா. மீதிப் பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஃப்ரட்டர்னிட்டி என்பது ஆண் மாணவர்கள் தாங்களே நடத்தும் சங்கம். கிரேக்க எழுத்தில் பெயர் வைக்கும் வழக்கம் 1776இல் வர்ஜீனியாவின் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் பிறந்த ஃபை பீட்டா கப்பாவிலிருந்து வருகிறது. அது இன்று நன்றாகப் படிப்பவர்களைக் கௌரவிக்கும் சங்கம். உங்கள் மகன் சொல்வது கூடிப் பழகுவதற்கான இன்னொரு வகை. பல இடங்களில் சேர்ந்து தங்க வீடும் உண்டு. நம் பிள்ளைகள் அங்கே பெருகிய பிறகு, 1990களில் தெற்காசிய மாணவர்களுக்கென்றே சில சங்கங்கள் வந்தன. டெல்டா எப்சிலான் சை என்பது 1998இல் ஆஸ்டினிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது.

என் அண்ணன் மகன் இப்படி ஒரு சங்கத்தில் இருந்தவன். ஏற்காட்டுக்கு வந்திருந்தபோது ஒரு சாயங்காலம் முழுக்க அவனைக் குடைந்து எடுத்துவிட்டேன். லேடீஸ் ஹாஸ்டல் வார்டனாக இருந்தவளுக்கு விசாரணை என்றால் கேட்கவா வேண்டும்? செமஸ்டர் தொடக்கத்தில் ஒன்றிரண்டு வாரம் நடப்பதுதான் ரஷ். பீட்சா, விளையாட்டு, அரட்டை என்று போகும். ஆரம்பத்தில் யார் வேண்டுமானாலும் போகலாம். "ஆனா அத்தை, சும்மா பேசற மாதிரிதான் இருக்கும், அது அத்தனையும் இன்டர்வியூ" என்றான். கடைசி நாட்களில் கூப்பிட்டவர்களுக்கு மட்டும்தான் இடம். அப்புறம் உறுப்பினர்கள் கூடி முடிவெடுப்பார்கள். பிடித்துப்போனால் சேரச் சொல்லி அழைப்பு வரும், அதுதான் பிட். ஏற்கவும் செய்யலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம்.

ஏற்றவுடன் உறுப்பினர் ஆகிவிட முடியாது. சில வாரங்கள் ப்ளெட்ஜ், அதாவது புதுமுகம். சங்கத்தின் சரித்திரத்தைப் படிக்கச் சொல்வார்கள், ஒரு சீனியரை அண்ணன் ஸ்தானத்தில் காட்டுவார்கள், கடைசியில் ஒரு சடங்கு. பல பல்கலைக்கழகங்களில் இதற்குக் குறைந்தபட்ச மதிப்பெண் வேண்டும். சிலவற்றில் முதல் செமஸ்டர் முடியாமல் சேரவே முடியாது. உங்கள் மகன் கல்லூரியில் விதி என்ன என்று அவனிடமே கேளுங்கள். தெரியாமல் விழித்தால், இன்னும் எதையுமே விசாரிக்கவில்லை என்று அர்த்தம்.

மச்சானுடைய பாதி இந்தப் ப்ளெட்ஜ் காலத்தில் இருக்கிறது. ராகிங்கை அங்கே ஹேஸிங் என்பார்கள். 2017இல் பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 19 வயதுப் பையன் ஒருவனைப் பிட் ஏற்ற இரவே அளவில்லாமல் குடிக்க வைத்தார்கள். படியில் விழுந்தவனுக்கு மணிக்கணக்கில் யாரும் ஆம்புலன்ஸ் கூப்பிடவில்லை. இறந்துபோனான். 1996இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஒரு மருத்துவ மாணவரைப் பறிகொடுத்து, அடுத்த வருஷம் ராகிங் தடைச் சட்டம் கண்டவர்கள் நாம். இந்தக் கதை நமக்குப் புரியும்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. இங்கே ராகிங்கில் சிக்குபவன் தானாகப் போய்ச் சிக்குவதில்லை. அங்கே பையன் ஆசைப்பட்டுப் போகிறான். அதனால் வலித்தாலும் வெளியே சொல்லமாட்டான். அதிலும் அப்பா கடன் வாங்கிப் படிக்கவைக்கிறார், கட்டிய பணம் வீணாகிவிடும் என்ற நினைப்பு வேறு சேர்ந்துகொண்டால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுவான். ஆகவே நீங்கள் முதலில் சொல்ல வேண்டியது, "பாதியில விட்டுட்டு வந்தாலும் அப்பா ஒண்ணும் சொல்லமாட்டேன், காசு போனா போகட்டும்" என்பதைத்தான். சேராதே என்று தடுத்தால் சேர்ந்ததைச் சொல்லாமல் விடுவான், அவ்வளவுதான்.

பிறகு கணக்குக் கேளுங்கள். செமஸ்டர் சந்தா சில நூறு டாலரிலிருந்து ஆயிரங்கள் வரை இடத்துக்கு இடம் மாறும். வீட்டு வாடகை தனி. ஒரு வருஷம் அந்த வீட்டிலேயே தங்க வேண்டும் என்று கையெழுத்து வாங்கும் சங்கங்களும் உண்டு. அபராதம் போடுபவையும் உண்டு. பிட்டை ஏற்பதற்கு முன்பே எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். 2024 டிசம்பரில் வந்த சட்டப்படி, ஹேஸிங் செய்து மாட்டிய அமைப்புகளின் விவரத்தைக் கல்லூரியே வெளியிட வேண்டும். அந்தப் பட்டியலில் இந்தச் சங்கத்தின் பெயர் இருக்கிறதா என்று இருவருமாகப் பாருங்கள். இன்னொன்று: அங்கே 21 வயதுக்குமுன் மதுவே கூடாது. குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபட்டால் மாணவர் விசாவே ரத்தாகலாம். உள்ளூர்ப் பையனுக்கு அபராதத்தோடு போவது நம் பையனுக்கு அப்படிப் போகாது.

இதெல்லாம் சரியாக இருந்தால் சேரட்டும் ஐயா. ஊர் விட்டு ஊர் போன பிள்ளைக்கு நாலு பேர் வேண்டும்தானே.

எம்.எஸ். படிக்கப் போகிறேன். எனக்கு ஃப்ரட்டர்னிட்டியில் இடம் கிடைக்குமா?
– வாசகர், அம்மாப்பேட்டை

பெரும்பாலும் கிடைக்காது தம்பி. அந்தச் சங்கங்கள் இளநிலை மாணவர்களுக்கானவை. உங்களுக்குப் பொருந்துவது 1885இல் லீஹை பல்கலைக்கழகத்தில் தொடங்கிய டௌ பீட்டா பை மாதிரியான பொறியியல் சங்கம். மதிப்பெண்ணைப் பார்த்து அவர்களே அழைப்பார்கள். கேள்விப்படாத பெயரில் 'தேர்வாகிவிட்டீர்கள், பணம் கட்டுங்கள்' என்று மெயில் வந்தால், துறை அலுவலகத்தில் விசாரிக்காமல் பைசா அனுப்பாதீர்கள்.

ஆகஸ்டில் மகள் அமெரிக்கா போகிறாள். சொராரிட்டியில் சேர ஆசை. பட்டுச்சேலை கொடுத்தனுப்பலாமா?
– ஒரு தாய், ஏற்காடு

சொராரிட்டி என்கிற பெண்கள் சங்கத்தில் ஆள் எடுப்பது இன்னும் கறாரானது. 26 சங்கங்கள் ஒரே தேசியக் கூட்டமைப்பில் இருக்கின்றன. பெரிய கல்லூரிகளில் முன்கூட்டியே கட்டணம் கட்டிப் பதிய வேண்டும். அப்புறம் நாள்கணக்கில் ஒவ்வொரு சங்கத்தின் வீட்டுக்கும் போய்ப் பேச்சு. சங்கங்கள் பெண்களை வரிசைப்படுத்தும், பெண்களும் சங்கங்களை வரிசைப்படுத்துவார்கள், கம்ப்யூட்டர் இரண்டையும் பொருத்தும். நம் இன்ஜினீயரிங் கவுன்சலிங்கின் சாய்ஸ் ஃபில்லிங் மாதிரிதான். என்ன, கட்ஆஃப் எவ்வளவு என்று மட்டும் யாரும் சொல்லமாட்டார்கள்.

இந்த 26இல் சேராதவையும் இருக்கின்றன. ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் 1908இல் கறுப்பின மாணவிகள் தொடங்கிய ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா அப்படி ஒன்று. நம் துளசேந்திரபுரத்து வழிவந்த கமலா ஹாரிஸ் அதில்தான் உறுப்பினர்.

சேலைக்கு வருகிறேன். முதல் சுற்றுகளுக்குச் சாதாரண உடையே போதும். கடைசிச் சுற்றுக்கு நல்ல உடுப்பு வேண்டும், அதற்குச் சேலையே கட்டட்டும். பல இடங்களில் வகுப்பு தொடங்கும் முன்பே இது ஆரம்பித்துவிடும் என்பதால் ப்ளவுஸை இந்த வாரமே தைக்கக் கொடுத்துவிடுங்கள்.