மேலாளர் "நீதான் எங்கள் லாக்கியர்" என்றால்

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்தேன். கோயம்புத்தூரில் பம்பு வடிவமைப்பில் இருந்தவர் நீங்கள். பிரிஸ்பேனில் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே உங்களை வரைபடத்திலிருந்து எழுப்பி, வாடிக்கையாளர்களோடு பேசுகிற வேலையில் உட்கார வைத்துவிட்டார்கள். மீட்டிங்கில் மேலாளர், "நீதான் எங்கள் லாக்கியர், ஒன்றிலிருந்து ஆறுக்குப் போகிறாய்" என்றாராம். எல்லாரும் சிரித்தார்களாம், நீங்களும் சிரித்து வைத்தீர்களாம். அது பாராட்டா, கேலியா? இந்த ஊரில் நாலு பேரோடு பேச இந்த ஃபூட்டியைப் படித்துத்தான் ஆகவேண்டுமா?

பாராட்டுதான். லாக்கியர் இந்த ஊரின் பெரிய ரக்பி லீக் ஆட்டக்காரர். பிரிஸ்பேன் இருக்கிற குவீன்ஸ்லாந்து மாநிலத்துக்காரர் ஒருவர் கேலிக்கு எடுக்கிற பெயரல்ல அது. ஆனால் எனக்கு ஒரு சந்தேகமும் இருக்கிறது. அதைச் சொல்ல முதலில் ஆட்டத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

மெல்பேர்னில் ஃபூட்டி என்றால் ஆஸ்திரேலியன் ரூல்ஸ். இங்கே பெரும்பாலும் ரக்பி லீக். டிவியில் உலகக் கோப்பை பார்த்த ஞாபகத்தில் "ரக்பி எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிடாதீர்கள். அது பதினைந்து பேர் ஆடுகிற யூனியன். லீக்கில் பதின்மூன்று பேர். 1895-இல் வட இங்கிலாந்தின் கிளப்புகள் பிரிந்துபோய் உண்டாக்கிய ஆட்டம் இது. சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்தவர்கள் ஆட வந்தால் அன்றைய கூலி போய்விடும். அந்தக் கூலியை ஈடுகட்டப் பணம் தரலாமா கூடாதா என்பதுதான் சண்டை. தரக்கூடாது என்றவர்கள் யூனியனில் இருந்தார்கள், தரலாம் என்றவர்கள் ஹடர்ஸ்ஃபீல்டில் ஒரு ஓட்டலில் கூடித் தனியாகப் போனார்கள். லீக்கை இன்றும் உழைக்கிறவர்களின் ஆட்டம் என்று சொல்வது அதனால்தான்.

விதிகள் நமக்குச் சுலபம், கபடி பார்த்த கண் போதும். பந்தை வைத்திருப்பவர் எதிரணிக்குள் பாய்கிறார், அவர்கள் சேர்ந்து அமுக்குகிறார்கள். எழுந்து பந்தைக் காலால் பின்னே தள்ளிவிட்டு மறுபடி ஆரம்பம். இப்படி ஆறு டேக்கிள், அதற்குள் புள்ளி எடுக்காவிட்டால் பந்து எதிரணிக்கு. அதனால் ஐந்தாவது முடிந்ததும் பெரும்பாலும் உதைத்துவிடுவார்கள். எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் ட்ரை, 4 புள்ளி.

சட்டை எண்தான் ஆளின் வேலை. ஒன்றாம் எண் ஃபுல்பேக். எல்லாருக்கும் பின்னால் நிற்பவர், உதைத்து வரும் பந்தைப் பிடிப்பவர், கோட்டை உடைத்து வருபவனைக் கடைசியாக மறிப்பவர். மைதானம் முழுவதும் அவர் கண்ணுக்குத் தெரியும், யோசிக்கவும் கொஞ்சம் நேரம் கிடைக்கும். ஆறாம் எண் ஃபைவ்-எய்த். முன்வரிசையிலேயே நின்று பந்தை யாருக்குக் கொடுப்பது, எப்போது உதைப்பது என்று முடிவெடுப்பவர். யோசிக்க நேரமே கிடையாது. போதாததற்கு, நூறு கிலோவுக்கு மேல் இருக்கிற எதிரணி ஆட்கள் அவரைக் களைக்க வைக்கவே அவர் மேல் பாய்ந்துகொண்டிருப்பார்கள்.

இப்போது டேரன் லாக்கியர். 1977-இல் பிரிஸ்பேனில் பிறந்து, மேற்கே நெடுந்தூரத்தில் இருக்கிற ரோமா என்ற சிறு ஊரில் வளர்ந்தவர். 1995-இல் பதினெட்டு வயதில் பிரிஸ்பேன் பிராங்கோஸ் அணிக்கு வந்தார். அங்கே ஆலன் லாங்கர், கெவின் வால்டர்ஸ் என்று நடு இடங்களில் பெரிய கைகள். ஃபுல்பேக் இடம் கிடைத்தது, பிடித்துக்கொண்டார். 1997, 1998, 2000 என்று மூன்று பட்டங்கள். 2000 இறுதி ஆட்டத்தில் சிறந்த ஆட்டக்காரருக்கான கிளைவ் சர்ச்சில் பதக்கமும் அவருக்கே. 2003-இல் உலகின் சிறந்த லீக் ஆட்டக்காரருக்குத் தருகிற கோல்டன் பூட். ஆஸ்திரேலிய அணித் தலைமையும் அந்த ஆண்டில் வந்துவிட்டது.

மறு ஆண்டே, 2004-இல், பயிற்சியாளர் வேய்ன் பென்னட் அவரை ஆறாம் எண்ணுக்கு மாற்றினார். உலகத்திலேயே சிறந்த ஃபுல்பேக்கை, இருபத்தேழு வயதில்! காலியான ஒன்றாம் எண்ணில் ஆடியவர் கார்மைக்கேல் ஹன்ட், அப்போது அவருக்குப் பதினேழு வயது. (இவர் பின்னாளில் ஆஸ்திரேலியன் ரூல்ஸ், யூனியன் இரண்டிலும் தொழில்முறையாக ஆடினார். இவர் கதை தனி.)

புது இடம் லாக்கியருக்கு உடனே கைகொடுத்துவிடவில்லை. 2006 வந்தபோது குவீன்ஸ்லாந்து ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் தொடரை மூன்று வருடமாகத் தோற்றிருந்தது. இந்தத் தொடரையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். குவீன்ஸ்லாந்தும், சிட்னி இருக்கிற நியூ சவுத் வேல்ஸ் மாநிலமும் மோதுவது இது. முன்பெல்லாம் இங்குள்ள நல்ல ஆட்டக்காரர்கள் பணத்துக்காக சிட்னி கிளப்புகளுக்குப் போவார்கள். போனவர்கள் நியூ சவுத் வேல்ஸுக்காகவே ஆடி சொந்த மாநிலத்தைத் தோற்கடிப்பார்கள். எந்த ஊரில் வளர்ந்தாயோ அந்த ஊருக்கு ஆடு என்று 1980-இல் கொண்டுவந்ததுதான் ஆரிஜின். முதல் ஆட்டத்தில் முப்பத்தைந்து வயது ஆர்தர் பீட்சன் தலைமையில் குவீன்ஸ்லாந்து 20-10 என்று ஜெயித்தது. சிட்னிக்குப் போன பிள்ளைகள் திரும்பி வந்து ஜெயித்த கதை அது, இவர்களுக்கு அலுக்கவே அலுக்காது. வெளியூருக்குப் பிழைக்க வந்த நமக்கு அது புரியாமல் போகாது.

2006-இன் முதல் ஆட்டமும் 17-16 என்று போனது. அணித் தலைவர் லாக்கியர். அவர் தலைமையே வேண்டாம் என்று பத்திரிகைகளில் பேச்சு. இரண்டாவதை 30-6 என்று ஜெயித்தார்கள். மூன்றாவது மெல்பேர்னில். கடைசிச் சில நிமிடங்கள் இருக்கும்போது குவீன்ஸ்லாந்து பின்தங்கியிருந்தது. நியூ சவுத் வேல்ஸின் பிரெட் ஹாட்ஜ்சன் தரையிலிருந்து எடுத்துத் தள்ளிய பந்து ஆள் இல்லாத இடத்துக்குப் போனது. லாக்கியர் ஓடிவந்து பொறுக்கி, அப்படியே ட்ரை. 16-14. அதில் தொடங்கி எட்டு வருடம் தொடரைக் குவீன்ஸ்லாந்து விடவே இல்லை.

எனக்கு அந்த ட்ரையில் பிடித்தது இதுதான்: அது முழுக்க ஃபுல்பேக்கின் கண். எதிரணி எங்கே தடுமாறப் போகிறது என்று வருடக்கணக்கில் பின்னால் நின்று பார்த்துப் பழகியவர் முன்னால் வந்து நின்றதால் கிடைத்தது. அதே ஆண்டு பிராங்கோஸ் தலைவராகப் பட்டம், நியூசிலாந்துக்கு எதிரான மும்முனைத் தொடர் இறுதியில் கூடுதல் நேரத்தில் வெற்றி ட்ரை, ஆறாம் எண்ணில் இரண்டாவது கோல்டன் பூட். ஒரே ஆள் இரண்டு இடங்களில் உலகச் சிறப்பு. உங்கள் மேலாளர் சொன்ன "ஒன்றிலிருந்து ஆறுக்கு" இதுதான்.

2011-இல் ஓய்வு. அந்த வருடம் செயின்ட் ஜார்ஜ் இல்லவாரா அணிக்கு எதிரான அரையிறுதியில் சொந்த அணிக்காரரின் முழங்கால் பட்டுக் கன்ன எலும்பு உடைந்தது. அந்த முகத்தோடு கூடுதல் நேரத்தில் ஃபீல்ட் கோல் (ஆட்டத்தின் நடுவே பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து எடுக்கிற ஒரு புள்ளி) அடித்து 13-12 என்று ஜெயிக்க வைத்தார். அடுத்த ஆட்டத்தில் அவரால் இறங்க முடியவில்லை, அணியும் வெளியேறியது. 355 கிளப் ஆட்டங்கள், 36 ஆரிஜின், 59 டெஸ்ட் (நாட்டுக்காக ஆடுகிற ஆட்டம்). லீட்ஸில் நடந்த கடைசி டெஸ்ட்டின் கடைசி நிமிடங்களில் ஒரு ட்ரை போட்டார். ட்ரைக்குப் பின் கூடுதல் புள்ளிக்காகக் கம்பங்களுக்கு நடுவே உதைக்கிற உதையை நீங்களே அடியுங்கள் என்று விட்டார்கள், பந்து கம்பத்துக்கு வெளியே போய்விட்டது. இந்தக் கதையைச் சாப்பாட்டு நேரத்தில் எடுத்துவிடுங்கள், பெரியவர்கள் யாராவது பிடித்துக்கொள்வார்கள்.

சரி, என் சந்தேகம். பலவேலைக்காரர்கள் இந்த ஆட்டத்தில் இரண்டு வகை. லாக்கியர் ஒரு வகை. இன்னொரு வகை பெஞ்சில் உட்காருகிற பதினாலாம் எண், யுட்டிலிட்டி என்பார்கள். கிரெய்க் விங் என்று சிட்னியில் ஒருவர் இருந்தார். ஹாஃப்பேக், ஃபைவ்-எய்த், ஹுக்கர் என்று எங்கே விட்டாலும் ஆடுவார். 2002-இல் ரூஸ்டர்ஸ் அணியில் பட்டம் வென்றார், ஆஸ்திரேலியாவுக்கும் ஆடினார். ஆனால் மாநில அணியில் பெரும்பாலும் பெஞ்சிலிருந்துதான். யாருக்காவது அடிபட்டால் அந்த இடத்துக்கு, யாராவது களைத்தால் இந்த இடத்துக்கு. எல்லாம் தெரிந்ததே அவருக்கு நிரந்தர இடம் கிடைக்கத் தடையாக இருந்தது என்பது என் கணிப்பு. பின்னாளில் ஜப்பானுக்குப் போய், அந்த நாட்டுத் தேசிய யூனியன் அணிக்கே ஆடினார். அவரும் நம்மைப் போல வெளியூர் போய்ப் பிழைத்தவர்தான்.

புதிதாக வருகிற நம் ஆட்களுக்கு அடிக்கடி கிடைப்பது இந்தப் பதினாலாம் எண்தான். எதைச் சொன்னாலும் தலையாட்டுவோம், எதையும் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்வோம். மேலாளருக்கு அதைவிட வசதி வேறு உண்டா? ஒட்டுப்போடுகிற ஆளாகவே வருடங்கள் ஓடிவிடும், சம்பள உயர்வுப் பேச்சு வரும்போது "உன் வேலை எது?" என்று கேட்பார்கள்.

ஆகவே மேலாளரைத் தனியாகப் பிடித்துக் கேளுங்கள். இங்கே இப்படிக் கேட்பதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், "சார்" எல்லாம் வேண்டாம், பெயர் சொல்லியே பேசலாம். "லாக்கியருக்கு ஆறாம் எண் சட்டையைக் கையில் கொடுத்தார்கள். எனக்குக் கொடுத்திருப்பது ஆறா, பதினாலா?" என்று சிரித்துக்கொண்டே கேளுங்கள். பதவிப் பெயர், சம்பள நிலை, வடிவமைப்பில் உங்களுக்கு இன்னும் சொல் உண்டா என்ற மூன்றுக்கும் பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். பம்பு எங்கே பழுதாகும் என்று வரைந்தே கண்டவர் வாடிக்கையாளர் முன் நிற்பது நல்ல மாற்றமாகவும் அமையலாம். இடம் உறுதியானால் விடாதீர்கள்.

ஃபூட்டி படித்துத்தான் ஆகவேண்டுமா என்றால், இல்லை. ஆனால் ஆபீஸில் டிப்பிங் போட்டி நடந்தால் சேர்ந்துவிடுங்கள், வாராவாரம் யார் ஜெயிப்பார் என்று எழுதினால் போதும். பிராங்கோஸ் 2006-க்குப் பிறகு பட்டம் வாங்கியது 2025-இல்தான், அந்தச் சந்தோஷம் இன்னும் தீரவில்லை, பேச்சு தானாக வரும். ஆரிஜின் பெரும்பாலும் புதன்கிழமை இரவுகளில், வருடத்துக்கு மூன்று. மறுநாள் காலை முக்கியமான மீட்டிங் வைக்காதீர்கள்.

அப்புறம், பள்ளியில் மெரூன் சட்டை போட்டு வரச் சொன்னார்கள் என்று மகளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். வாங்கிக் கொடுங்கள், அது குவீன்ஸ்லாந்து அணியின் நிறம். பதின்மூன்று வயதுக்கு முன்னால் இங்கே குடியிருந்தவர்கள் குவீன்ஸ்லாந்துக்கு ஆடலாம், பெண்களுக்கும் ஆரிஜின் உண்டு. உங்கள் மகளுக்கு ஆறு வயதுதானே, தகுதி இருக்கிறது. அன்றைக்கு மட்டும் நீலச் சட்டையை அலமாரியிலேயே விட்டுவிடுங்கள், அது சிட்னிக்காரர்கள் நிறம்.