டெக்னிக்கல் ஆளுக்கு மான்ட்ரியலில் என்ன வேலை?

தம்பி, இத்தனை வருடம் விமானங்களை ஆய்வு செய்த பொறியாளர், இப்போது ஐகாவோவுக்கான, அதாவது ஐ.நா.வின் சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்புக்கான, நம் இந்தியப் பிரதிநிதிக் குழுவில் சேர கனடாவின் மான்ட்ரியல் வருகிறீர்கள். "பேச்சுவார்த்தையெல்லாம் ஐஎஃப்எஸ் (வெளியுறவுப் பணி) ஆட்களின் வேலை, எனக்கு அங்கே என்ன இருக்கிறது, குடும்பத்தைக் கூட்டி வரலாமா" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இந்த ஊரிலேயே தங்கிவிட்டவள், வேலையும் இதே வட்டாரத்தில்தான். தைரியமாக வாருங்கள், உங்களைப் போன்றவர்கள்தான் இங்கே போதவில்லை.

ஐகாவோவில் 193 நாடுகள் இருக்கின்றன, ஆனால் எந்த நாட்டையும் பிடித்து வைத்து ஒரு விதியைக் கடைப்பிடிக்க வைக்க முடியாது. ஐகாவோவை உருவாக்கிய 1944 சிகாகோ உடன்படிக்கையின் 38ஆவது பிரிவுப்படி, "இந்தத் தரநிலையை எங்களால் அப்படியே பின்பற்ற முடியாது" என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஒரு நாடு ஒதுங்கிக்கொள்ளலாம். அதனால் விதிகளை ஏற்கும், 36 நாடுகள் உள்ள கவுன்சிலில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வாங்கிவிட்டோம், வேலை முடிந்தது என்று இங்கே யாரும் நினைப்பதில்லை. வசதியில்லாத நாடும் ஊருக்குப் போய் நிஜமாகவே செய்யக்கூடிய விதியாக அது வர வேண்டும்.

மலேசியா ஏர்லைன்ஸின் எம்எச்370 விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2014 மார்ச் 8ஆம் தேதி 239 பேருடன் காணாமல் போனது, மே மாதமே இங்கே சிறப்புக் கூட்டம் கூடிவிட்டது. பறக்கும் விமானம் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. ஆனால் எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை, எந்த எடைக்கு மேல், கடலுக்கு மேலே மட்டுமா, பார்க்க வேண்டியது விமான நிறுவனமா, தரையிலுள்ள வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மையமா, செலவு யார் தலையில்? கட்டுப்பாட்டு மையத்துக்கு அவ்வளவு அடிக்கடி இருப்பிடம் கிடைக்காத பெருங்கடல் பகுதிகளில், 45.5 டன்னுக்கு மேல் எடையும் 19க்கு மேல் இருக்கையும் உள்ள விமானத்தை நிறுவனமே 15 நிமிடத்துக்கு ஒருமுறை கண்காணிப்பது கட்டாயம் என்று முடிவானது, 27 டன்னிலிருந்து வெறும் பரிந்துரைதான். கவுன்சில் ஏற்றது 2015 நவம்பரில், நடைமுறைக்கு வந்தது 2018 நவம்பரில். இவ்வளவு நாளா என்று அந்தக் குடும்பங்கள் கேட்டால் நியாயம்தான், எனக்கும் மனசு ஆறவில்லை. ஆனால் அவசரப்பட்டு எழுதி, பாதி நாடுகள் ஒதுங்கிப்போயிருந்தால் யாருக்கு என்ன லாபம்?

இங்கேதான் நீங்கள் வேண்டும். பெரிய மண்டபத்தில் ஆளாளுக்குக் காதில் ஹெட்போனோடு அறிக்கை வாசிப்பார்கள். உரைபெயர்ப்பாளர்களின் நேரம் முடிந்தால் கூட்டமும் முடிந்தது. முடிச்சு அவிழ்வது பெரும்பாலும் காபி இடைவேளையில்தான். ஒரு சின்னத் தீவு நாட்டுக்காரர் பக்கத்தில் வந்து, "உங்கள் ஊரில் இரண்டு மூன்று விமானம் மட்டும் வைத்திருப்பவர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள்" என்று கேட்பார். ஹேங்கரில், அதாவது விமானக் கொட்டகையில், நின்று பார்த்தவர் சொன்னால் நம்புவார், நாங்கள் சொன்னால் தலையை மட்டும் ஆட்டுவார்.

ஆள் பற்றாக்குறை என்ன செய்யும் என்று உங்களுக்கே தெரியும். 2014 ஜனவரியில் அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏ, பாதுகாப்புக் கண்காணிப்பு சர்வதேசத் தரத்தில் இல்லை என்று இந்தியாவை இரண்டாம் வகைக்கு இறக்கியபோது, தகுதியான ஆய்வாளர்கள் போதவில்லை என்பதும் ஒரு காரணம். 2015 ஏப்ரலில் பழைய நிலை திரும்பும்வரை நம் நிறுவனங்கள் அமெரிக்காவுக்குப் புதிய சேவை தொடங்க முடியவில்லை.

சரி, குடும்பம். கூட்டி வாருங்கள். மான்ட்ரியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் பொதுவாகப் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிக்குத்தான் போக வேண்டும், தற்காலிகமாக வருபவர்களுக்கு விலக்கு உண்டு, ஆனால் நாமே விண்ணப்பிக்க வேண்டும். மனைவி வேலைக்குப் போக நினைத்தால் அனுமதி விஷயத்தை அங்கிருந்தே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், இங்கே வந்து அலைந்து மனசு விட்டுப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன். வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஜூலை 1இல்தான் மாறும், அந்த நாளில் ஊரே வீடு மாறும், அதையொட்டித் தேடுங்கள். அலுவலகத்துக்குக் கார் வேண்டாம், பக்கத்து மெட்ரோ நிலையத்தின் பெயரிலேயே ஐகாவோ (பிரெஞ்சில் OACI) இருக்கிறது. தமிழ்க் கடை வேண்டுமென்றால் கோட்-டெ-நேஜ் பக்கம், முருகன் கோயில் டொலார்-டெ-ஓர்மோவில். இரண்டு இடத்திலும் ஈழத் தமிழர்கள்தான் அதிகம், புதிதாக வருபவர்களை அன்பாகப் பார்த்துக்கொள்வார்கள். பிரெஞ்சு கொஞ்சமாவது படித்துவிட்டு வாருங்கள்.

அப்புறம், கிளம்புவதற்கு முன், 38ஆவது பிரிவின் கீழ் நம் நாடு எழுதிக் கொடுத்திருக்கும் வேறுபாடுகளின் பட்டியலை முழுதாக ஒருமுறை படித்துவிடுங்கள். காபி இடைவேளையில் முதலில் அதைப் பற்றித்தான் கேட்பார்கள்.