வழியில் கிடந்த கல்லும் வழியோரம் நின்ற கல்லும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். தாராபுரத்திலிருந்து எழுதுகிறேன். என் அப்புச்சி குதிரை வண்டி ஓட்டியவர். அவர் சொல்லிக் கேட்டதை வைத்து 1940களில் நடக்கிற ஒரு கதை எழுதியிருக்கிறேன். 'கூழாங்கல் பதித்த தெருவில் டக்டக்கென்று குளம்படி கேட்டது' என்று தொடங்குகிறது. படித்துப் பார்த்த நண்பர், 'நம்ம ஊர்ல எப்பங்க அப்படித் தெரு இருந்துச்சு?' என்று கேட்டுவிட்டார். மொழிபெயர்ப்புக் கதைகளில் பழைய தெரு என்றாலே இப்படித்தானே வருகிறது? அந்த வரியை வைத்துக்கொள்ளலாமா, எடுத்துவிட வேண்டுமா?

ஒரு வாசகர், தாராபுரம்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நண்பர் சரியாகத்தான் கேட்டிருக்கிறார். அந்த வரியை எடுத்துவிடுங்கள். எடுத்த இடத்தில் எதை வைப்பது என்பதுதான் யோசிக்க வேண்டிய விஷயம்.

ஐரோப்பிய ஊர்களில் தெருவுக்குக் கல் பதித்தது அழகுக்காக இல்லை. மழையும் பனியும் விழுகிற ஊரில், இரும்புப் பட்டை போட்ட சக்கரம் மண் தெருவை உழுது சேறாக்கிவிடும். அதனால் மணலைப் பரப்பி, அதன்மேல் கல்லை நெருக்கி அடித்து இறக்கினார்கள். மழைத் தண்ணீர் இடுக்கு வழியாக இறங்கிவிடும். குதிரையின் லாடத்துக்கும் அந்த இடுக்குதான் பிடிமானம். ஆரம்பத்தில் ஆற்றிலும் வயலிலும் கிடைத்த உருண்டைக் கல், பிறகு குவாரியில் வெட்டிச் சதுரமாகக் கொத்திய கல். இன்று சுற்றுலாப் படங்களில் பார்ப்பது பெரும்பாலும் இந்தக் கொத்திய கல்தான். ஆங்கிலேயர்களும் அன்றாட எழுத்தில் இரண்டையும் காபிள்ஸ்டோன் என்றே எழுதிவிடுகிறார்கள். 1968 மே மாதம் பாரிசில் மாணவர்கள் இந்தக் கற்களைப் பெயர்த்துத்தான் போலீஸ்மீது எறிந்தார்கள். சாந்து பூசாமல் மணலில் உட்கார்ந்திருக்கிற கல் என்பதால் கையோடு வந்தது.

இந்தக் காபிள்ஸ்டோனைத்தான் மொழிபெயர்ப்பில் கூழாங்கல் என்று எழுதிவிடுகிறார்கள். நம் கூழாங்கல் இந்த வேலைக்கு ஆகாது. புவியியலில் 1922இல் வென்ட்வொர்த் என்ற அறிஞர் வகுத்த அளவுப்படி காபிள் என்பது 64 முதல் 256 மில்லிமீட்டர் வரை, அதாவது மூடிய கை அளவிலிருந்து தலை அளவு வரைக்கும் இருக்கிற கல். ஐந்தாங்கல் ஆடுகிற கல்லைத் தெருவில் பாவினால் எந்தக் குதிரையும் நடக்காது. மொழிபெயர்க்கிறவர்கள் 'கல் பாவிய தெரு' என்று எழுதினால் போதும், வாசகனுக்குப் படம் சரியாக விழும்.

சரி, நம் ஊருக்கு வருவோம். கொங்கில் கல்லுக்கா பஞ்சம்? தோட்டத்துக்குத் தோட்டம் பாறை இருக்கிறது. இருந்தும் ஊர்த்தெரு மண்ணாகத்தான் இருந்தது. மிஞ்சிப்போனால் சரளை கொட்டியிருப்பார்கள். காட்டுக்குப் போகிற தடம் இட்டேரி. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் ஒரு வண்டி போகிற அளவுக்கு மண். ஆண்டில் பெரும்பகுதி காய்ந்து கிடக்கிற பூமி இது, மண் தடமே வண்டியைத் தாங்கியது. மழைக்காலத்தில் கரிசல் பூமியில் மட்டும் சக்கரத்தில் மண் அப்பிக்கொண்டு மாடு திணறும்.

ஆனால் கல் இல்லாத வழி என்று எழுதிவிடாதீர்கள். அங்கே கல் வழியில் கிடந்தது, இங்கே வழியோரம் நின்றது. என் மனசுக்கு மிகவும் நெருக்கமான விஷயம் இது. கோவைக்குப் பக்கம் சுண்டக்காமுத்தூரில் இராசகேசரிப் பெருவழியைப் பற்றிய சோழர் காலக் கல்வெட்டு பாறையில் இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கே போன வழி அது. தருமபுரிப் பக்கம் அதியமான் பெருவழியில் தூரம் காட்ட நட்ட காதக்கல்லில் நாவல் தாவளம் என்ற இடத்துக்கு 29 காதம் என்று எழுதி, கீழே இரண்டு பெரிய குழியும் ஒன்பது சின்னக் குழியும் வெட்டியிருக்கிறார்கள். பெரிய குழி ஒன்றுக்குப் பத்து. எழுத்துத் தெரியாத வழிப்போக்கன் விரலால் தடவியே தூரத்தைத் தெரிந்துகொள்ளலாம். அவனையும் நினைத்து ஒருவர் உளி பிடித்திருக்கிறார் என்பது எனக்கு இன்றைக்கும் சிலிர்ப்பான விஷயம்.

அப்புறம் சுமைதாங்கிக் கல். இரண்டு கல்லை நட்டு, மேலே குறுக்காக ஒரு பலகைக்கல். தலைச்சுமையோடு வருகிறவர் யாருடைய கையும் இல்லாமல் சுமையை அதன்மேல் நகர்த்திவிட்டு மூச்சு வாங்கலாம், திரும்பவும் தலைக்கு ஏற்றிக்கொள்ளலாம். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக வீட்டார் நட்டது இது. இறக்கி வைக்காத சுமையோடு போனவளுக்காக, ஊரார் சுமையை இறக்கி வைக்க ஓர் இடம். காங்கேயம் பக்கம் நான் பார்த்த ஒன்றில் குறுக்குக் கல் இப்போது முழங்கால் உயரத்துக்குத்தான் இருக்கிறது. கல் இறங்கவில்லை, தார்மேல் தார் போட்டு ரோடு ஏறிவிட்டது. ரோட்டை அகலப்படுத்தும்போது இந்தக் கற்களைப் பிடுங்கிப் போட்டுவிடுகிறார்கள். நாலடி தள்ளி நட்டு வைத்தால் என்ன குறைந்துவிடும் என்று ஆற்றாமையாக இருக்கிறது.

காலுக்கடியில் கல் பாவிய இடமும் நமக்கு உண்டு. கோயில் பிராகாரம், பவானி கூடுதுறைப் படித்துறை, 1,320 படி ஏறுகிற சென்னிமலை. எல்லாம் வெறுங்காலில் நடக்கிற இடம். மத்தியான வெயிலில் பிராகாரத்தில் ஓட்டமும் நடையுமாகப் போனவர்களுக்கு அந்தக் கல்லைத் தெரியும். இன்றைக்கு ஊராட்சிகள் போடுகிற பேவர் பிளாக் தெருவும் கல் பாவிய தெருதான். மணல் படுகை, சாந்தில்லாத இடுக்கு என்று அதே முறை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நெதர்லாந்தில் செங்கல் தெருக்களுக்கு மாற்றாக வந்தது. ஓரத்தில் அணைகல் சரியாக வைக்காவிட்டால் வரிசை விலகி ஆடும். இந்தக் காலத்துக் கதை என்றால் தாராளமாக எழுதுங்கள்.

உங்கள் கதைக்கு வேண்டியது சத்தம். மண் தெருவில் குளம்படி டக்டக்கென்று கேட்காது, அமுங்கித்தான் கேட்கும். கேட்பது சலங்கையும், மசகு காய்ந்த அச்சின் கிறீச்சும். கப்பி ரோடு ஏறியதும்தான் லாடம் பேசும். மெக்காடம் என்ற ஸ்காட்லாந்துப் பொறியாளர் சொன்ன முறைப்படி சின்னதாக உடைத்த ஜல்லியை இறுக்கிய ரோடு அது. மாட்டுக்குக் குளம்பு பிளந்திருப்பதால் ஒரு காலுக்கு இரண்டு துண்டு லாடம், குதிரைக்கு ஒன்றே வளையமாக. இரண்டின் சத்தமும் வேறு. உங்கள் அப்புச்சி திண்ணையில் உட்கார்ந்தபடியே வருவது குதிரையா மாடா என்று சொல்லியிருப்பார்.

உங்கள் தெருவில் எண்பது தாண்டியவர்கள் யாராவது இருந்தால், தெரு எப்படி இருந்தது என்று பொதுவாகக் கேட்காதீர்கள். மழை பெய்த மறுநாள் செருப்பைக் காலில் போட்டீர்களா, கையில் எடுத்துக்கொண்டீர்களா என்று கேளுங்கள். சந்தை நாளில் வண்டியை எங்கே அவிழ்த்துவிட்டார்கள், சுமையை எந்தக் கல்லில் இறக்கினார்கள் என்றும் கேட்டுவிடுங்கள். பதில் கிடைத்ததும் முதல் பத்தியைத் திருத்தி எழுதி எனக்கு அனுப்புங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்.