புது கார் எடுக்கும்போது ஷோரூம்ல சொல்ற இன்டீரியர் பேக்கேஜ் தேவையா?

நீங்க கேட்டது இதுதான்: திருச்சியில மிட் சைஸ் எஸ்யூவி ஒண்ணு புக் பண்ணியிருக்கீங்க, பீஜ் கலர் லெதரெட் (செயற்கைத் தோல்) சீட்டு. சீட் கவர், 7டி மேட் (தரை முழுக்க போர்த்தற மெத்தை மேட்), ஃபேப்ரிக் கோட்டிங், ஆன்டி பாக்டீரியா ட்ரீட்மென்ட், டேஷ்போர்டு பாலிஷ் எல்லாம் சேர்த்து 42,000 ரூபாய்க்கு ஒரு பேக்கேஜ் நீட்டியிருக்காங்க, எடுக்கலைன்னா டெலிவரி தள்ளிப் போகுங்கற மாதிரி பேசறாங்க.

எடுக்காதீங்க. மேட் மட்டும் வாங்கிக்கங்க, அதுவும் 7டி வேண்டாம், உங்க மாடலுக்குன்னு வர்ற சாதா ரப்பர் மேட் போதும். ஏன்னு கொஞ்சம் நீளமாவே சொல்றேன். நான் முன்னாடி ஒரு டீலர்ஷிப்ல ஆக்சஸரீஸ் டெஸ்க்ல வேலை பார்த்தவன், இப்ப மதுரையில சின்னதா ஒரு கார் இன்டீரியர் க்ளீனிங் கடை வச்சிருக்கேன், அதனால விக்கற பக்கமும் தெரியும், வித்ததுக்கு அப்புறம் வண்டி என்ன கதிக்கு வருதுன்னும் தெரியும். என் கடைக்கு வர்ற வண்டியில இன்டீரியர் கெட்டுப் போயிருந்தா பல நேரம் காரணம் குழந்தைங்களோ நாயோ இல்ல, இன்டீரியரை காப்பாத்தறதுக்குன்னு காசு குடுத்து வாங்கிப் போட்ட சாமான்தான்.

முதல்ல ஷோரூம் ஏன் இவ்வளவு தொங்குதுன்னு புரிஞ்சுக்கங்க. காரை விக்கறதுல டீலருக்கு நிக்கறது ரொம்ப கம்மி, டிஸ்கவுன்ட் குடுத்து வருஷக் கடைசி ஸ்டாக்கை தள்ளும்போது அதுவும் போயிடும். காசு வர்றது இன்ஷூரன்ஸ், லோன், எக்ஸ்டென்டட் வாரன்ட்டி, ஆக்சஸரீஸ், இந்த நாலுலதான். உங்ககிட்ட பேசற பையனுக்கு ஒரு காருக்கு இவ்வளவு ரூபாய்க்கு ஆக்சஸரீஸ் ஏத்தணும்னு டார்கெட் இருக்கும், அது வரலைன்னா இன்சென்டிவ் கட், அவன் மேல கோவப்பட்டு பிரயோஜனம் இல்ல. கொட்டேஷன் ஷீட்டை எடுத்து பாருங்க, எக்ஸ் ஷோரூம், ரோடு டாக்ஸ், இன்ஷூரன்ஸ் இதுக்கெல்லாம் கீழ இந்த பேக்கேஜையே "எசென்ஷியல் கிட்"னு பேர் மாத்தி ஒரு வரி, ஏற்கனவே டைப் அடிச்சு கூட்டல்லயும் சேர்ந்திருக்கும். அரசாங்க கட்டணத்துக்கு பக்கத்துல அதே எழுத்துல இருக்கறதால அதுவும் கட்டாயம்னு நினைச்சு நிறைய பேர் கட்டிடறாங்க. அது கட்டாயம் இல்ல. ஆடி மாசம் போய் உக்காந்தா இதே கிட்டை ஃப்ரீன்னு தருவாங்க, ஆயுத பூஜை நெருங்கிட்டா கேட்ட உடனே முகம் மாறும்.

இன்டீரியரை வச்சுத்தான் காரையே விக்கறாங்கங்கறதையும் கவனிங்க. எஞ்சின் பத்தி ரெண்டு நிமிஷம் பேசிட்டு உள்ள உக்கார வச்சுடுவாங்க. டிஸ்ப்ளேல நிக்கறது டாப் வேரியன்ட், ஆம்பியன்ட் லைட் எரியும், சன்ரூஃப் திறந்திருக்கும், "தொட்டு பாருங்க சார், சாஃப்ட் டச்"னு கையை பிடிச்சு டேஷ்போர்டுல வைக்காத குறை. கை முதல்ல படற இடத்துல மட்டும்தான் அந்த மெத்து இருக்கும், அங்கிருந்து ஒரு சாண் கீழ இறங்கினா தட்டினா டொக் டொக்குன்னு சத்தம் வர்ற சாதா பிளாஸ்டிக். சில மாடல்ல தையல் கூட நிஜ தையல் கிடையாது, அச்சுலயே வர்ற கோடு. இதெல்லாம் தப்புன்னு சொல்லல, உலகம் முழுக்க இதே வித்தைதான். 1970கள்ல அமெரிக்காவுல க்ரைஸ்லர் கோர்டோபான்னு ஒரு கார், ரிக்கார்டோ மோண்டல்பான்னு ஒரு நடிகர் விளம்பரத்துல வந்து கோரிந்தியன் லெதர் சீட்டுன்னு உருகுவார், ஏதோ கிரேக்க தேசத்துல இருந்து கப்பல்ல வந்த தோல் மாதிரி இருக்கும். அது விளம்பர ஏஜென்சி வச்ச பேர், தோல் பெரும்பாலும் நியூ ஜெர்சியில இருந்தே வந்தது. நம்ம ஊர்ல லெதரெட்டுக்கு முன்னாடி ப்ரீமியம்னு ஒட்டறதும் அதே வகையறாதான், அது துணி மேல பி.வி.சியோ பாலியூரிதேனோ, அதாவது பிளாஸ்டிக் பூசினது, அவ்வளவுதான்.

சரி, பேக்கேஜை ஒவ்வொண்ணா பாப்போம். சீட் கவர்ல இருந்து ஆரம்பிக்கறேன், ஏன்னா இது அழகு சமாச்சாரம் மட்டும் இல்ல. 2023 அக்டோபர்ல ஹூண்டாய் எல்லா மாடலுக்கும் ஆறு ஏர்பேக்னு அறிவிச்சாங்க, 2024 மே மாசம் வந்த புது ஸ்விஃப்ட்ல அடி வேரியன்ட்லயே ஆறு, இப்ப அனேகமா எல்லா கம்பெனியும் அந்த வழிக்கு வந்தாச்சு. அந்த ஆறுல ரெண்டு முன் சீட்டோட பக்கவாட்டுக்குள்ளதான் மடிச்சு வச்சிருக்கும். கதவைத் திறந்து சீட்டோட வெளிப்பக்க ஓரத்தைத் தடவி பாருங்க, ஏர்பேக்னு எழுதின சின்ன துணி டேக் ஒண்ணு தையலோட சேர்ந்து தொங்கும். இடிச்சா அந்தத் தையலை கிழிச்சுக்கிட்டுத்தான் பை வெளிய வரணும், அதுவும் கண் இமைக்கற நேரத்துக்குள்ள. அது மேல இறுக்கமா தடிமனா இன்னொரு தோலைப் போட்டு கெட்டி நூல்ல தைச்சு வச்சா என்ன ஆகும்னு நீங்களே யோசிங்க. ஏர்பேக் கம்பேட்டிபிள் கவர்னு தனியா உண்டு, அந்த இடத்துல மட்டும் பிரியற மாதிரி லேசான நூல்ல தைச்சிருப்பாங்க, ஆனா அந்தப் பேர் போட்டு விக்கறது எல்லாமே அப்படி தைச்சதுதானான்னு வெளிய இருந்து பார்த்து சொல்ல முடியாது. உங்களோடது ஏற்கனவே லெதரெட், அது மேல இன்னொரு லெதரெட் போடறதுக்கு எதுக்கு காசு? வென்டிலேட்டட் சீட் வேற இருந்தா கேக்கவே வேண்டாம், அந்த ஓட்டை வழியா காத்து வரணும்னு தனியா பணம் குடுத்துட்டு அது மேலயே கவரைப் போட்டு அடைக்கறாங்க, தினமும் பாக்கறேன்.

7டி மேட் பாக்க ஜம்முனு இருக்கும், தரை முழுக்க மெத்தை மாதிரி போர்த்திடும். பிரச்சினை மழைக்காலத்துல தெரியும். ஓரத்துல இறங்கற தண்ணி அடியில போய் கார்பெட்ல தங்கும், மேல தொட்டா காஞ்ச மாதிரியே இருக்கும், ஒரு மாசம் கழிச்சு ஏதோ வாடை வருதுன்னு பெர்ஃப்யூம் வாங்கி மாட்டுவாங்க, அப்புறம் என்கிட்ட வருவாங்க, தூக்கி பார்த்தா கார்பெட் பச்சையும் வெள்ளையுமா பூத்திருக்கும். அதோட மேட் நகராம நிக்கறது ரொம்ப முக்கியம். 2009 ஆகஸ்ட்ல அமெரிக்காவுல சான் டியேகோ பக்கத்துல, டீலர் தற்காலிகமா ஓட்டக் குடுத்த, டொயோட்டாவோட லெக்ஸஸ் பிராண்டு கார் ஒண்ணுல வேற மாடலோட ரப்பர் மேட் கிடந்திருக்கு, ஆக்சிலரேட்டர் அதுல மாட்டிக்கிச்சு, உள்ள இருந்த நாலு பேரும் இறந்துட்டாங்க. அதுக்கப்புறம் மேட் விஷயமா டொயோட்டா சுமார் 38 லட்சம் வண்டிகளை திரும்பக் கூப்பிட்டாங்க. அதனாலதான் உங்க மாடலுக்கு வர்ற மேட்டையே வாங்கி, டிரைவர் பக்கம் இருக்கற கொக்கியில மாட்டி வைங்கன்னு சொல்றேன், ஒண்ணு மேல ஒண்ணு போடாதீங்க.

இதுல இன்னொரு வகை, சீட்டைக் கழட்டி தரை முழுக்க லேமினேஷன் ஒட்டறது. சீட்டுக்கு அடியில மஞ்சள் கலர் கனெக்டர் இருக்கும், மஞ்சள்னா ஏர்பேக் சம்பந்தப்பட்ட வயர். அதை அவசரத்துல இழுத்துட்டு சரியா மாட்டாம விட்டா மீட்டர்ல ஏர்பேக் லைட் அணையாம எரியும், புது வண்டியை எடுத்த வாரத்துலயே சர்வீஸுக்கு அலையணும்.

ஃபேப்ரிக் கோட்டிங்ல எனக்கு சிரிப்புதான் வருது. உங்க சீட்டுல ஃபேப்ரிக்கே இல்லையே! ரூஃப் லைனிங்கும் கார்பெட்டும்தான் துணி. துணி சீட்டுன்னா கூட, தண்ணி ஒட்டாம உருள வைக்கற அந்த ஸ்ப்ரே கொஞ்ச நாளைக்கு வேலை செய்யத்தான் செய்யும், ஆனா அதே வகை ஸ்ப்ரே வெளிய சில நூறு ரூபாய்க்குக் கிடைக்குது. ஆன்டி பாக்டீரியா ட்ரீட்மென்ட்ங்கறது கொரோனாவுக்கு அப்புறம் சூடு பிடிச்ச சமாச்சாரம், கதவைச் சாத்தி உள்ள புகை விடுவாங்க, நாளைக்கே உங்க வீட்டுல யாராச்சும் தும்மினா பழைய நிலைமைதான். டேஷ்போர்டு பாலிஷ் வேண்டவே வேண்டாம், அந்த சிலிகான் பளபளப்பு வெயில்ல கண்ணாடியில பிரதிபலிச்சு ரோடை மறைக்கும், பிசுபிசுப்புல தூசி வந்து ஒட்டும். ஈரமா பிழிஞ்ச மைக்ரோஃபைபர் துணி போதும். பியானோ பிளாக்னு மினுக்குற கறுப்பு பிளாஸ்டிக் இருக்கும் பாருங்க, அதை மட்டும் காஞ்ச துணியால துடைக்காதீங்க, முதல் நாளே கீறல் விழும்.

பீஜ் கலர் எடுத்துட்டீங்க, சரி, போட்டோவுல விசாலமா தெரியும், அதனாலதான் ப்ரோஷர்ல அதையே போடறாங்க. அதுக்கு எதிரி புது ஜீன்ஸ். நீலச் சாயம் சீட்டுல ஏறும், ஏறி வெயில்ல காய்ஞ்சுட்டா எடுக்கறது கஷ்டம். வாரம் ஒரு தடவை லேசான ஷாம்பூ தண்ணியில துணியை நனைச்சு பிழிஞ்சு துடைச்சா தேங்காது. லெதர் கண்டிஷனர்னு பாட்டில் விப்பாங்க, அது நிஜத் தோலுக்கு, பி.வி.சி அதைக் குடிக்காது, மேலேயே நின்னு அழுக்கைத்தான் பிடிக்கும். ஸ்டியரிங்ல சானிடைசர் கையோட பிடிக்காதீங்க, ஆல்கஹால் மேல்பூச்சை தின்னுடும்.

வெயில்தான் பெரிய சங்கதி. அரிஸோனாவுல 2018ல வெளியான ஒரு ஆய்வுல, வெயில்ல ஒரு மணி நேரம் நிறுத்தின கார்ல டேஷ்போர்டு சராசரியா 69 டிகிரி, ஸ்டியரிங் 53 டிகிரி செல்சியஸ் வரைக்கும் போயிருக்கு. நம்ம ஊரு சித்திரை வெயிலும் லேசுப்பட்டது இல்ல. முன் கண்ணாடிக்கு மடிக்கற சன்ஷேட் ஒண்ணு வாங்கி போடுங்க, அந்த 42,000 பேக்கேஜ்ல இல்லாத, ஆனா நிஜமா வேலை செய்யற ஒரே பொருள் அதுதான். டேஷ்போர்டு மேல ஜெல் பெர்ஃப்யூம் வைக்காதீங்க, சூட்டுல ஒழுகினா பிளாஸ்டிக்கையே அரிச்சு கறையாக்கிடும். புதுசுல முன் கண்ணாடியோட உள்பக்கம் மங்கலா ஒரு படலம் வரும், பயந்துக்காதீங்க, பிளாஸ்டிக்ல இருந்து ஆவியா கிளம்பி படியறது அது, துடைச்சுட்டா போச்சு. புது கார் வாசனைன்னு நாம மயங்கறதும் அதே ஆவிதான், சீனாவுல வாங்கறவங்களுக்கு அந்த வாசனை ஆகவே ஆகாது, ஃபோர்டு அதைப் போக்கறதுக்குன்னே காப்புரிமைக்கு விண்ணப்பிச்சு அது 2018ல செய்தியாச்சு, வண்டியை வெயில்ல நிறுத்தி, கண்ணாடியை கொஞ்சம் இறக்கி, ஹீட்டரை ஓட விடணும்னு அதுல இருந்துச்சு. இங்க நாம டெலிவரிக்கு வந்த பாலிதீன் கவரைக் கூட கழட்டாம ஆறு மாசம் அது மேலயே உக்காந்து போறோம். முதல் நாளே கிழிச்சுப் போடுங்க, வேர்வை உள்ள தங்கி வாடை வரும், பக்க ஏர்பேக்குக்கும் அது இடைஞ்சல்.

பூஜை போடுவீங்க, போடணும். சந்தனம் குங்குமத்தை டேஷ்போர்டுல நேரா வைக்காம கண்ணாடியில வைங்க, சொரசொரப்பு பிளாஸ்டிக்ல இறங்கின குங்குமம் லேசுல வராது. பிள்ளையாரை ஒட்டும்போது பாசஞ்சர் பக்கம் ஏர்பேக்னு எழுதியிருக்கற மூடி மேல ஒட்டாதீங்க, அது வெடிச்சு திறந்தா பிள்ளையார் நேரா முன்னாடி உக்காந்திருக்கறவங்க முகத்துக்குத்தான் வருவார்.

தெருவோர வாட்டர் வாஷ்ல பம்பை உள்ள பிடிக்க விடாதீங்க. கார்பெட்டுக்கு அடியில வயரிங் ஓடுது, ஏர்பேக் கன்ட்ரோல் பாக்ஸ் பல வண்டியில நடுவுல கியர் லீவர் பக்கம் தரையோடதான் இருக்கு. வாக்யூம் போட்டாலே முக்கால்வாசி அழுக்கு போயிடும், சீட்டை முன்னாடி தள்ளி, பின்னாடி தள்ளி அந்த ரெயில் சந்துலயும் விடுங்க. பால், தயிர், மீன் குழம்பு கொட்டிச்சுன்னா தண்ணி ஊத்தாதீங்க, உள்ள இறங்கிடும், முதல்ல டிஷ்யூவால ஒத்தி எடுங்க, அப்புறம் ஆப்ப சோடா தூவி ராத்திரி முழுக்க விட்டு காலையில வாக்யூம் பண்ணுங்க, அப்பவும் வாடை போகலைன்னா என்சைம் க்ளீனர் அடிங்க.

சன்ரூஃப் இருந்தா அதைச் சுத்தி இருக்கற பள்ளத்துல மூலையில சின்ன ஓட்டைகள் இருக்கும், மழைத் தண்ணி அது வழியா பைப்ல இறங்கி கீழ போகணும். வேப்பம்பூவும் சருகும் அடைச்சுதுன்னா தண்ணி ரூஃப் லைனிங்ல ஊறும், அந்த வட்டக் கறை போகவே போகாது. இதை விக்கும்போது ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க, வருஷத்துக்கு ஒரு தடவை மழைக்கு முன்னாடி சுத்தம் பண்ண சொல்லுங்க. பாசஞ்சர் கால் வைக்கற இடம் காரணமே இல்லாம ஈரமா இருந்தா ஏசி ட்ரெயின் பைப் அடைச்சிருக்கான்னு பாக்க சொல்லுங்க.

இனி ஷோரூம்ல என்ன பேசறதுன்னு. சண்டை போடாதீங்க. "கிட் இல்லாம கொட்டேஷன் குடுங்க, சேசிஸ் நம்பர் எப்ப அலாட் ஆகும்னு மெயில்ல எழுதிடுங்க"ன்னு மட்டும் கேளுங்க (சேசிஸ் நம்பர் அலாட் ஆகறதுன்னா உங்களுக்குன்னு ஒரு வண்டியை ஒதுக்கறது). கிட் எடுத்தாத்தான் வண்டின்னு வாயால சொல்றவங்க எழுத்துல தரவே மாட்டாங்க, தந்தா அதை அப்படியே கம்பெனி கஸ்டமர் கேருக்கு அனுப்பிடலாம். இன்ஷூரன்ஸும் அவங்ககிட்டயே எடுக்கணும்னு எந்த சட்டமும் இல்ல, வெளிய ஒரு கொட்டேஷன் வாங்கி காட்டினாலே அங்க விலை இறங்கும். ரெஜிஸ்ட்ரேஷனுக்கு முன்னாடி பகல் வெளிச்சத்துல போய் வண்டியைப் பாருங்க, ரூஃப் லைனிங், சீட் தையல், கதவு ரப்பர், ஸ்டெப்னி பள்ளத்துல ஈரம் இருக்கா, ஆன் பண்ணா ஏர்பேக் லைட் எரிஞ்சு அணையுதா, இவ்வளவு பாத்துட்டு கையெழுத்து போடுங்க.