சிபில் மதிப்பெண் குறைவாக இருந்தால் வாடகைக்கு விட வீடு வாங்கலாமா?

சேமிப்பில் 25 லட்சம் ரூபாய் இருந்தும், கடன் அட்டைப் பாக்கியை வங்கியுடன் பேசிக் குறைத்துக் கட்டியதால் சிபில் மதிப்பெண் (கடன் தருமுன் வங்கிகள் பார்க்கும், கடனைத் திருப்பிக் கட்டிய ஒழுங்கைக் காட்டும் எண்) சரிந்துவிட்ட நிலையில், சென்னைப் புறநகரில் வாடகைக்கு விட வீடு வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்கலாம், ஆனால் அந்தப் பழைய கணக்கைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

குறைத்துக் கட்டிய கணக்கு கடன் அறிக்கையில் ‘செட்டில்டு’ என்றே பதிவாகியிருக்கும். வங்கி விட்டுக்கொடுத்த மீதியையும் செலுத்தி, நிலுவையில்லாச் சான்று பெற்று, அந்தப் பதிவை ‘குளோஸ்டு’ (முழுதும் கட்டி முடித்தது) என மாற்றச் சொல்லுங்கள். நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தருவதால், மாற்றம் பதிவானதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

கடனே இல்லாமல் வாங்குவதானால், 22 லட்சம் ரூபாய்க்குப் பழைய அடுக்குமாடி வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என ஏறத்தாழ இரண்டு லட்சம் கூடுதலாகப் போகும். மாதம் 6,000 ரூபாய் வாடகை வந்தாலும் ஆண்டு வருமானம் போட்ட பணத்தில் 3 சதவீதம்தான். பராமரிப்பு, சொத்துவரி, வீடு காலியாகக் கிடக்கும் மாதங்கள் ஆகியவற்றையும் அதிலிருந்தே கழிக்க வேண்டும். வங்கி வைப்புநிதியே இதைவிடக் கூடுதலாகத் தரும் என்பதால், விலை உயரும் என்ற நம்பிக்கை இருந்தால் மட்டுமே இது பொருந்தும். வங்கிக் கடன் இல்லாதபோது பத்திரங்களை ஆராய வங்கி வழக்கறிஞரும் இருக்கமாட்டார்; ஆகவே, 30 ஆண்டு வில்லங்கச் சான்றையும் (சொத்தின் மீதான பதிவுகளைக் காட்டுவது) தாய்ப்பத்திரத்தையும் (சொத்தின் முந்தைய மூலப் பத்திரம்) சொந்தச் செலவில் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிட்டே முன்பணம் கொடுங்கள்.