தைக் கல்யாணத்துக்குள் ஆத்தாவுக்குப் பல் வைத்துவிட முடியுமா?

கேள்வி: ஆத்தாவுக்கு வயது 63. கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்றை எடுத்து இரண்டு வருடம் ஆகிறது. பத்து வருடமாகச் சர்க்கரை. ஒரு மருத்துவர் இம்ப்ளாண்ட் வைக்கலாம் என்கிறார். இன்னொருவர், இரு பக்கத்துப் பற்களையும் ராவி, அவற்றைத் தாங்கலாக வைத்து பிரிட்ஜ் கட்டிவிடலாம் என்கிறார். தை மாதம் என் மகளுக்குக் கல்யாணம். இப்போது ஐப்பசி, அதற்குள் முடியுமா? வாய்க்குள் உலோகம் துருப்பிடிக்காதா? பழைய வெள்ளி அடைப்புகளையும் எடுத்துவிட வேண்டுமா?
— ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: துருவைப் பற்றிய பயத்தை முதலில் போக்கிவிடுகிறேன். உலோக அரிப்பை ஆராயும் சிக்ரி நிறுவனம் 1953 முதல் உங்கள் பக்கத்துக் காரைக்குடியிலேயே இருக்கிறது. பல் பொருட்களை ஆராயும் எங்களுக்கும் அதே கேள்விகள்தான். இரும்பின் துரு பொருபொருவென்று உதிர்ந்து, ஈரம் உள்ளே போக வழிவிடும். இம்ப்ளாண்ட் என்பதோ, பல்லைத் தாங்கத் தாடை எலும்பில் முடுக்கும் டைட்டானியத் திருகு. டைட்டானியத்தின் மேல் படரும் ஆக்சைடு படலம் உதிராது. அதன் கனம் சில நானோமீட்டர்தான். தலைமுடியின் கனத்தைப் பத்தாயிரம் பங்காக்கினால் ஏறத்தாழ ஒரு பங்கு வரும். கீறல் விழுந்தால் கணத்தில் தானே மூடிக்கொள்ளும்.

எலும்பு பற்றிக்கொள்வதும் இந்தப் படலத்தைத்தான். 1952இல் ஸ்வீடனில் பெர்-இங்வார் பிரானமார்க், ரத்த ஓட்டத்தைக் கவனிப்பதற்காக முயலின் கால் எலும்பில் சிறு டைட்டானியக் கருவி ஒன்றைப் பொருத்தினார். ஆய்வு முடிந்து எடுக்கப் போனால் வரவில்லை. எலும்பு அதனோடு ஒன்றிப் போயிருந்தது. 1965இல் அவர் முதன்முதலாக இம்ப்ளாண்ட் வைத்த மனிதர், 2006இல் இறக்கும்வரை அந்தப் பற்களோடுதான் வாழ்ந்தார்.

ஆகவே பொருளைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அவசரத்தைப் பற்றித்தான் கவலை. திருகை முடுக்கிய அன்று கிடைக்கும் பிடி, பழைய எலும்பின் பிடி. அடுத்த சில வாரங்களில் அந்த எலும்பு கொஞ்சம் கரையும். புது எலும்போ இன்னும் முழுதாக வளர்ந்திருக்காது. மூன்றாம் நான்காம் வாரத்தில்தான் பிடி மிகவும் குறைவாக இருக்கும். அப்போது பாரம் ஏறி திருகு அசைந்தால், எலும்பு வளர வேண்டிய இடத்தில் வெறும் நார்த்திசு வளர்ந்துவிடும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில், அடியிலுள்ள கலவை இறுகும் முன் கொத்தனார் யாரையும் நடக்க விடுவாரா? கீழ்த்தாடைக்கு 3 மாதம், மேல்தாடைக்கு 6 மாதம் என்பது பிரானமார்க் வகுத்த கணக்கு. இன்று திருகின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கி, நல்ல எலும்பில் அதைவிடச் சீக்கிரமே பல் கட்டுகிறார்கள். ஆனால் பத்து வருடச் சர்க்கரை உள்ளவருக்கு அந்தச் சுருக்குவழி வேண்டாம் என்பேன்.

கல்யாணம் முடியட்டும், மாசியில் வைத்துக்கொள்ளுங்கள். கல்யாண வீட்டில் வேளைக்குச் சாப்பாடு கிடையாது, கண்ணெதிரே பலகாரம், இரவெல்லாம் விழிப்பு. சர்க்கரை ஏறுவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? காயம் ஆறவேண்டிய நேரம் அது அல்ல. கடைவாய்ப்பல் இல்லாதது சிரித்தாலும் தெரியாது. சீப்புச் சீடையை இந்தத் தையில் மறுபக்கமாக மெல்லட்டும்.

அதுவரை செய்ய வேண்டியது இருக்கிறது. மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 7-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. 8-ஐத் தாண்டினால் தள்ளிப்போடுங்கள். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். எலும்புத் தேய்மானத்துக்கு ஊசியோ மாத்திரையோ எடுத்திருந்தால் பல் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்; சில மருந்துகளால் தாடைப் புண் ஆறாமல் போகலாம். கீழ்த்தாடைக்குள் நரம்பு ஓடுவதால் ஸ்கேன் எடுத்து எலும்பின் உயரத்தை அளக்காமல் யாரும் துளையிடக் கூடாது. இரண்டு வருடம் காலியாகக் கிடந்த இடம் என்பதால், எதிரே மேல்பல் கீழிறங்கியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பிரிட்ஜ் தவறு என்று சொல்லமாட்டேன். இரு பக்கத்துப் பற்களும் ஏற்கெனவே பெரிதாக அடைத்து, எப்படியும் கேப் போட வேண்டிய நிலையில் இருந்தால் அதுவே சரி. சொத்தையில்லாத நல்ல பல்லை ராவுவதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். ராவிய எனாமல் திரும்ப வளராது.

வெள்ளி அடைப்பில் ஏறத்தாழ பாதி பாதரசம்தான். அதன் பயன்பாட்டைக் குறைக்க 2013இல், பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையில் நாடுகள் ஒப்புக்கொண்டன. ஆனாலும், கசிவோ விரிசலோ இல்லாத பழைய அடைப்பைத் தோண்டினால் அந்த நேரத்தில்தான் பாதரச ஆவி அதிகம் வெளிவரும். உடைந்தால் மாற்றுங்கள், இல்லையென்றால் அப்படியே இருக்கட்டும்.

பல் கட்டிய பிறகு ஒன்றை ஆத்தாவிடம் சொல்லி வையுங்கள். இயற்கைப் பல்லின் வேரைச் சுற்றி மெத்தைபோல் ஒரு நார் உண்டு. சோற்றில் சிறு கல் கடிபட்டாலும் சட்டென்று உணர்த்திவிடும். இம்ப்ளாண்டில் அது இல்லை. ஈறில் அழுக்கு சேர்ந்து கிருமி இறங்கினாலும் பெரும்பாலும் வலிக்காது. துலக்கும்போது ரத்தம் கசிவதுதான் முதல் அடையாளம். இடுக்கைத் தேய்க்கும் சிறு பிரஷ் தினமும் வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவரிடம் காட்டவும் வேண்டும்.

இம்ப்ளாண்ட் வரும் பெட்டியில் தயாரிப்பாளர் பெயர், அளவு, தொகுதி எண் அச்சிட்ட ஒட்டுச்சீட்டு இருக்கும். ஒன்றைக் கேட்டு வாங்கி, ஆத்தாவின் மருத்துவக் கோப்பில் ஒட்டி வையுங்கள். பத்து வருடம் கழித்து அந்தத் திருகின் மேல் உள்ள பல்லை மாற்ற நேர்ந்தால், எந்த ஊர் மருத்துவரும் முதலில் கேட்பது அதைத்தான்.