சேர்ந்து முடிவெடுத்தால் சதியா?

தோழருக்கு வணக்கம்.

கடலூர் சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கிறேன். போனஸ் பாக்கிக்காகப் போன மாதம் எல்லோரும் பேசி வைத்து ஒரே நாளில் வேலையை நிறுத்தி, கேட் முன்னால் உட்கார்ந்தோம். இப்போது வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. ‘கூட்டுச் சதி’யாம், நஷ்டஈடு கட்ட வேண்டுமாம். சேர்ந்து முடிவெடுத்தாலே சதியா?

ஒரு வாசகர், கடலூர்

தோழர்,

சேர்ந்து முடிவெடுத்ததால் மட்டும் சதி ஆகிவிடாது. இதைச் சட்டத்தில் ஏற்ற நம் ஆட்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1920 கதவடைப்பின்போது சென்னை பின்னி கம்பெனி, சங்கத் தலைவர் வாடியா மீது உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. வேலை ஒப்பந்தத்தை மீறத் தொழிலாளரைத் தூண்டினார் என்று சொல்லித் தடையாணையும் வாங்கியது. அந்த அடிக்குப் பிறகுதான் தொழிற்சங்கத் தலைவர் என்.எம்.ஜோஷி மத்திய சட்டசபையில் இதை எழுப்பினார். 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. அதன் 17ஆம் பிரிவு சதி வழக்கிலிருந்தும் 18ஆம் பிரிவு நஷ்டஈட்டு வழக்கிலிருந்தும் காப்புத் தந்தன. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பர் 21இல் அமலுக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பிலும் அந்தக் காப்பு தொடர்கிறது.

ஆனால் அது பதிவு பெற்ற சங்கத்துக்குத்தான். உங்கள் கடிதத்தில் சங்கத்தின் பெயரே இல்லை. எனக்குக் கவலை தருவது அதுதான். ஏழு பேர் சேர்ந்தால் விண்ணப்பிக்கலாம். பெரிய ஆலை என்றால் பத்தில் ஒரு பங்கோ நூறு பேரோ, எது குறைவோ அத்தனை உறுப்பினர் வேண்டும்.

அடுத்தது கேட். உட்கார்ந்து கோஷம் போடுவது வேறு, லாரியை மறிப்பது வேறு. அதிகாரியை வெளியே விடாமல் சூழ்ந்து நிற்கும் கெராவோவுக்குச் சங்கக் காப்பு கிடையாது என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 1967லேயே சொல்லிவிட்டது. குற்றம் செய்வதென்று கூடிப் பேசினால் அந்தப் பேச்சே சதிக்குச் சாட்சி. வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஆத்திரத்தில் ‘ஒரு வண்டி வெளியே போகக்கூடாது’ என்று போட்டிருந்தால், எதிர்த்தரப்பு முதலில் நீட்டுவது அதைத்தான்.

இப்போது எந்தத் தொழிலிலும் வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். பாதிப்பேர் ஒரே நாளில் தற்செயல் விடுப்புப் போட்டாலும் அது வேலைநிறுத்தக் கணக்குத்தான். நோட்டீஸ் கொடுக்காமல் நிறுத்தியிருந்தால் அபராதம் வரலாம். நஷ்டஈடு அப்படியல்ல. ரோத்தாஸ் ஆலை வழக்கில் 1975இல் உச்ச நீதிமன்றம், சட்டவிரோத வேலைநிறுத்தத்துக்குச் சட்டம் சொல்லும் தண்டனை உண்டு, அதற்கு மேல் முதலாளி இழப்பீடு கேட்க முடியாது என்றது. நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு. பழைய சட்டத்தின் கீழ் வந்ததுதான்; ஆனாலும் உங்கள் வக்கீல் முதலில் எடுக்க வேண்டியது அது.

லாரியை மறித்தீர்களா இல்லையா என்பதை அவரிடம் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். குழுச் செய்திகளை யாரும் அழிக்க வேண்டாம்.